மாதிரியை ஒளித்து வையுங்கள், ஜன்னலைக் காட்டுங்கள்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் யு.பி. (ஏழாம் வகுப்பு வரையுள்ள) பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ் (கைவேலை) பீரியடும் ஐ.டி. பீரியடும் என் தலையில் விழுந்திருக்கின்றன. எதைச் செய்யச் சொன்னாலும் வகுப்பு மொத்தமும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றையே செய்கிறது. சரி, உங்கள் இஷ்டத்துக்குச் செய்யுங்கள் என்றால் பேந்தப் பேந்த விழிக்கிறார்கள். லேப் இல்லை, காசும் இல்லை. பிள்ளைகளிடம் கற்பனையை எப்படி வரவழைப்பது?"

டீச்சர், நானும் இதே சித்தூர் தாலுக்காவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர், கடிதம் இரண்டு முறை அங்கே போய்த் திரும்பியிருக்கிறது) இருபது வருஷத்துக்கு மேல் இதே பீரியடை எடுத்தவன். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்பில் நடப்பது என்னவென்று அதிலேயே பாதி விளங்கிவிடும்.

சேர்ந்த புதிதில், முந்தின நாள் இரவு உட்கார்ந்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு பேனா ஸ்டாண்ட் செய்தேன். வண்ணத்தாளில் ஒரு பூ வெட்டி ஒட்டினேன். பசை காய்வதற்குள் பூ கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பரவாயில்லை என்று அப்படியே கொண்டுபோய் மேசைமேல் வைத்து, "இதுமாதிரி செய்யுங்கள், ஆனால் உங்கள் கற்பனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். முப்பத்திரண்டு பேனா ஸ்டாண்ட் வந்தது. முப்பதில் பூ இருந்தது. அந்த முப்பது பூவும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அன்றைக்குப் பிள்ளைகள்மேல்தான் கோபம் வந்தது. பிறகுதான் தெரிந்தது, இது பிள்ளைகளின் குறை இல்லை, மனிதமூளையே அப்படித்தான் என்று. 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இருவர் டெக்சாஸில் இதைச் சோதித்து எழுதினார்கள். பொறியியல் படிக்கிறவர்களிடம், காபி சிந்தாத ஒரு கோப்பையை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும் மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அந்தப் படத்தில் உறிஞ்சுகுழல் இருந்தது. ஆனால் குழல் வைக்கக் கூடாது என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தார்கள். அப்படியும் படத்தைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாகக் குழல் வைத்து வரைந்தார்கள். மாதிரியில் இருந்த கோளாறும் சேர்ந்தே வந்தது. வளர்ந்த இன்ஜினியர்களுக்கே இந்தக் கதி என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளை என் சாய்ந்த பூவை ஒட்டாமல் என்ன செய்யும்?

அதனால் நான் முதலில் சொல்வது, முடிந்த பொருளை மேசைமேல் வைக்காதீர்கள். யூடியூபில் போட்டும் காட்டாதீர்கள். எப்படி வெட்டுவது, எப்படி மடிப்பது, எப்படி முடிச்சுப் போடுவது என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். கடைசியில் என்ன வர வேண்டும் என்பதை மட்டும் காட்டக் கூடாது.

ஆனால் மாதிரியை எடுத்துவிட்டு "உன் இஷ்டம்" என்று விட்டாலும் நடக்காது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தி "ஓடு" என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? பிள்ளைக்கு வேண்டியது ஒரு தொல்லை. பெயர் சொல்லக்கூடிய ஆளுக்கு, கைகாட்டக்கூடிய இடத்தில் இருக்கும் நிஜத் தொல்லை. இங்கிலாந்தில் 1990இல் டிசைன் அண்ட் டெக்னாலஜி என்று தனிப் பாடமாகவே இதைத் தேசியப் பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன் அங்கேயும் மரவேலை, உலோகவேலை, தையல் என்று தனித்தனியாகத்தான் இருந்தது. வாத்தியார் செய்வதைப் பார்த்துப் பையன் செய்வான். புதுப் பாடம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. யாருக்கு, என்ன வேண்டும் என்று முதலில் பார். அப்புறம் யோசி, செய், செய்ததைச் சோதித்துப் பார்.

நம் பக்கத்து ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ் இன்னும் பெரும்பாலும் அந்தப் பழைய தடத்தில்தான் ஓடுகிறது. சாஸ்திர மேளாவில், அதாவது பள்ளிகளுக்கான அறிவியல், கைவேலைப் போட்டியில், உட்கார்ந்த இடத்தில் மூன்று மணி நேரத்தில் குடை கட்ட வேண்டும், கயிற்றில் மிதியடி பின்ன வேண்டும், அகர்பத்தி உருட்ட வேண்டும். அதை நான் மட்டம் தட்டவில்லை. கை பழகாத பிள்ளைக்கு மனதில் தோன்றுவதைச் செய்து பார்க்க வழியே இல்லை. மூன்று வருஷம் குடை கட்டிய பெண் ஒருத்தி, கம்பியைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே வளையும், எங்கே ஒடியும் என்று சொல்வாள். என் வருத்தம் ஒன்றுதான். அந்த மூன்று வருஷத்தில் ஒருவர்கூட அவளிடம், "இந்தக் குடை நம் ஊர்க் காற்றில் ஏன் திரும்பிக்கொள்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டதில்லை.

காற்று என்றதும் ஜன்னல் கதைக்கு வந்துவிடுகிறேன்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததே அதனால்தான். நமக்கு ஆடி, மலையாளத்துக்குக் கர்க்கடகம். பெயர் எதுவானாலும் அந்த மாதம் வந்தால் எங்கள் பள்ளியில் ஜன்னல் கதவெல்லாம் படார் படார் என்று அடிக்கும். பழைய மர ஜன்னல்கள், வெளிப்பக்கம் திறப்பவை. கொக்கி எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஜன்னல் திண்டில் செங்கல் வைத்து முட்டுக்கொடுத்திருப்போம். ஒரு நாள் அந்தச் செங்கல் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. நல்லவேளை, பக்கத்தில்தான்.

அடுத்த நாள் ஏழாம் வகுப்பில் நான் எதையும் விளக்கவில்லை. எல்லோரையும் ஒன்றாம் வகுப்புக்குக் கூட்டிப் போய்ப் பத்து நிமிஷம் சும்மா நிற்கவைத்தேன். ஜன்னல் அடித்தது, குட்டிப் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள், டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்ததும், "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது டீச்சர். நான் நினைத்த தொல்லை, ஜன்னல் சாத்திக்கொள்கிறது என்பது. ஒரு கூட்டம், "இல்லை சார், சாத்தினால் சாத்தட்டும், அந்தச் சத்தம்தான் தொல்லை" என்றது. அவர்கள் சைக்கிள் கடையிலிருந்து பழைய ட்யூப் வாங்கி, பட்டையாக வெட்டி, சட்டத்தில் ஆணி அடித்துப் பொருத்தினார்கள். காற்று அடித்தால் ஜன்னல் 'பொத்' என்று சாத்தும், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது. இன்னொருவன், "ஜன்னலை மூடியே வைக்கலாமே" என்றான். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அதுவும் ஒரு விடைதான். மூடிவைத்துப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் வியர்த்து அவனே எழுந்து திறந்தான்.

நான் மறக்காதது கருக்கு மட்டைதான். அந்தப் பையனின் அப்பா பனை ஏறுகிறவர். நம் பக்கம் பனையும் தென்னையும் கள்ளும் இல்லாமல் பிழைப்பே இல்லை. அவன் ஒரு பனைமட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம்போல் கருக்கு இருக்குமில்லையா? மட்டையின் ஒரு நுனியை ஜன்னல் கதவில் கயிற்றால் கட்டி, மறுநுனியைக் கம்பிக்கு இடையே உள்ளே விட்டால், கருக்குப் பல் கம்பியில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு தூரம் திறக்க வேண்டுமோ அந்தப் பல்லில் நிறுத்தலாம் என்றான். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது.

செய்து பார்த்தால் வேலைக்கு ஆகவில்லை. கருக்குப் பல் ரொம்பச் சின்னது, கம்பி அதில் உட்காரவில்லை. காற்று ஓர் உலுக்கு உலுக்கியதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. போதாக்குறைக்கு, பிடித்துப் பார்க்க வந்த பெண்ணின் விரலையும் கிழித்துவிட்டது. மறுநாள் அவனே இரண்டு ஓரக் கருக்கையும் அரத்தால் ராவி வழவழப்பாக்கிக்கொண்டு வந்தான். கம்பியின் பருமனை நூலால் அளந்து, ஹேக்ஸா பிளேடால் ஓர் ஓரத்தில் நான்கு பள்ளம் வெட்டினான். கருக்கு அவனுக்கு யோசனையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, பாருங்கள். இப்போது கம்பி பள்ளத்தில் உட்கார்ந்தது. ஜன்னல் நின்றது, ஆனால் கிடுகிடு என்று ஆடியது. ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மட்டையைக் கட்டியிருந்த இடம் கீலுக்குப் பக்கத்தில் இருந்தது. "கதவைத் தள்ளும்போது கீல் ஓரத்தில் தள்ளுவாயா, கைப்பிடி ஓரத்திலா?" என்று கேட்டேன். கயிற்றைக் கதவின் வெளி ஓரத்துக்கு மாற்றினான். ஆட்டம் நின்றது. நெம்புகோல் பாடத்தை அதற்கு முன் எத்தனையோ தடவை கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு வகுப்பு முழுக்க அது எட்டியது.

பின்னால் அதை ஒரு மேளாவுக்குக் கொண்டுபோனோம். நடுவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் இல்லையே, ஒரு பெயிண்டாவது அடித்திருக்கலாமே" என்றார். இடம் கிடைக்கவில்லை. பையன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் இரண்டு நாள் முனகிக்கொண்டு திரிந்தேன்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒரு ஜன்னலை. ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது பத்துத் தொல்லையாவது அப்படி இருக்கும். கைகழுவும் குழாய் சின்னப் பிள்ளைக்கு எட்டாது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் இடத்தில் தண்ணீர் வீணாகும். வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் போர்வெல் வற்றி லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் மாதங்களில் அது விளையாட்டு விஷயம் இல்லை. மழைநாளில் குடையை எங்கே வைத்தாலும் சொட்டும். சமையல்கார அக்காவிடம் போய், "உங்களுக்கு இங்கே எது எரிச்சல்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்குப் போதுமான வேலை கிடைத்துவிடும்.

தொல்லை கிடைத்ததும் நேராகச் செய்ய உட்காரவிடாதீர்கள். ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் வரும். கட்டத்துக்கு ஒரு யோசனை, ஒரு நிமிஷம், மொத்தம் எட்டு நிமிஷம். பென்சில் மட்டும்தான், ரப்பரை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச் பேனா கண்ணிலேயே படக் கூடாது. பட்டால் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டியே பீரியட் போய்விடும். முதல் மூன்று கட்டம் எல்லோருக்கும் ஒன்றேதான் வரும், பதறாதீர்கள். நான்காவதில் முழிப்பார்கள். ஐந்துக்கு மேல் கிறுக்குத்தனமாக ஏதாவது வரும். கருக்கு மட்டை ஏழாவது கட்டத்தில் வந்தது.

பொருளைப் பற்றிக் கேட்டீர்கள். காசில்லாதது ஒரு வகையில் நல்லதுதான். பிள்ளைகள் தாங்களே பொருள் செய்து பார்க்க மத்திய அரசு 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேபுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அது வரும்வரை மளிகைக்கடை அட்டைப்பெட்டி போதும். அரவிந்த் குப்தா ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு, சைக்கிள் வால்வு ட்யூபையும் தீக்குச்சியையும் வைத்து எத்தனையோ வடிவங்களைச் செய்து காட்டி, அதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். 2018இல் பத்மஸ்ரீ வந்தது. தீக்குச்சியைவிட மலிவான லேப் எங்கே இருக்கிறது?

ஒரு தந்திரம் சொல்கிறேன், கேட்க அற்பமாக இருக்கும். பசையைத் தடை செய்யுங்கள். ஃபெவிகால் இருக்கும்வரை பிள்ளைகள் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒட்டிவிடுவார்கள், காயும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் இணைப்பது எப்படி என்று யோசித்தே ஆக வேண்டும். அட்டையில் கீறல் போட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகுவார்கள், ஈர்க்குச்சியால் தைப்பார்கள், நாரால் கட்டுவார்கள். அட்டையின் உள்ளே இருக்கும் வரிகளின் போக்கில் மடித்தால் சுலபமாக மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும் என்பதை யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடிப்பார்கள். ஒட்டியதைப் பிரிக்க முடியாது, செருகியதைப் பிரித்துத் திருத்தலாம். அதுதான் முக்கியம். பிளேடு வேலை மட்டும் உங்கள் கண் எதிரே ஒரு மேசையில், ஒரு நேரத்துக்கு ஒருவர்.

அப்புறம், பேச்சு. நம் பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழ், சிலர் தெலுங்கு கலந்தும் பேசுவார்கள், கடைவீதியில் மலையாளம், ஐ.டி. லேபில் ஆங்கிலம். வகுப்பில் பாடப்புத்தகச் சொல்லில் பேச வைத்தால் பாதிப் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பனையைப் பற்றிப் பேசச் சொல்லிப் பாருங்கள்: ஈர்க்கு, மட்டை, கருக்கு, பாளை, குருத்தோலை, பன்னாடை. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அந்தப் பொருள் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பது ஒளிந்திருக்கிறது. பன்னாடை என்றால் நமக்கு வசவு. பனை ஏறுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு அது கள் வடிகட்டும் சல்லடை. வடிகட்டி செய்வோம் என்று ஒரு நாள் ஆரம்பித்தபோது மற்றவர்கள் துணியும் பஞ்சும் தேட, அவன் மட்டும் நேராக மரத்தடிக்குப் போனான்.

முடிந்தால் ஊர்க் கைவினைஞர் யாரையாவது, கூடை முடைகிற பாட்டியோ வெல்டிங் பட்டறைக்காரரோ, ஒரு பீரியடுக்குக் கூட்டி வாருங்கள். "எப்படிச் செய்வது" என்று அவரைக் கேட்க வேண்டாம், அது மறுபடி மாதிரியைப் பார்த்து எழுதுவதில் போய் முடியும். "எங்கே கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்வீர்கள்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். எங்கள் வகுப்புக்கு வந்த பாட்டி ஒரு மணி நேரம் பேசினார். பீரியட் மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஐ.டி. பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் உங்களைவிட அனுபவம் குறைவு. கேரளத்தில் நமக்குக் கொடுப்பினை உண்டு. 2018இல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐ.டி. மன்றம் வந்தது, சின்ன மின்னணுக் கருவிகள் செய்து பார்க்க ஆர்டுயினோ கிட் வந்தது, 2025-26இல் பத்தாம் வகுப்பு ஐ.டி. புத்தகத்திலேயே ரோபோட்டிக்ஸ் வந்துவிட்டது. உங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கேதான் போகப்போகிறார்கள். ஆனால் கிட்டிலும் அதே சாய்ந்த பூ காத்திருக்கிறது: புத்தகத்தில் இருக்கும் எல்.இ.டி.யை மினுக்க வைத்துவிட்டு முடிந்தது என்பார்கள். மினுக்கியதும், "இது பள்ளியில் யாருக்கு, எதற்கு உதவும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் ஸ்க்ராட்சிலும் அப்படித்தான், திரையில் பூனையை நடக்கவைப்பதோடு விடாதீர்கள். கூடவே, மின்கம்பி இருந்தால்தான் டெக்னாலஜி என்ற எண்ணத்தையும் வளரவிடாதீர்கள். மேல்தொட்டி நிரம்பி வழிகிறது என்று ஒரு கூட்டம் சென்சார் கேட்டது. இன்னொரு கூட்டம் தொட்டிக்குள் தெர்மாகோல் மிதவை போட்டு, நூல் கட்டி, வெளியே ஒரு சிவப்பு மூடியைத் தொங்கவிட்டது. தொட்டி நிறைய நிறைய மூடி கீழே இறங்கும். கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

மதிப்பெண் விஷயத்தில் கறாராக இருங்கள். அழகுக்கு மதிப்பெண் போட்டால் அழகுதான் வரும், அதுவும் பாதி அம்மா செய்தது. நான் சி.இ. (தொடர் மதிப்பீட்டு) மதிப்பெண்ணை இரண்டாவது தடவை செய்ததற்குத்தான் போடுவேன். முதலில் செய்தது எங்கே தோற்றது, அதற்காக எதை மாற்றினாய் என்று நோட்டில் நான்கு வரி. முதல் தடவையே அமர்க்களமாக வந்துவிட்ட பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், "சார், இது நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். "அப்படியானால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வா" என்று அனுப்புவேன். ஐந்து நிமிஷத்தில் உடைந்து திரும்பி வரும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், வருகிற வாரமே இதைச் செய்யுங்கள். டாம் வூஜெக் என்பவர் பிரபலப்படுத்திய ஒரு விளையாட்டு உண்டு. இருபது ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் ஒரு மார்ஷ்மெலோ மிட்டாய். 18 நிமிஷத்தில் எவ்வளவு உயரக் கோபுரம் கட்ட முடியும்? மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வந்தவர்களைவிடப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகக் கட்டினார்கள் என்று அவர் சொல்கிறார். பெரியவர்கள் திட்டம் போட்டுப் போட்டு, மிட்டாயைக் கடைசி நிமிஷத்தில் வைப்பார்கள், மொத்தமும் சரியும். குழந்தைகள் முதலிலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்ப்பார்கள்.

நம் ஊரில் ஸ்பகெட்டிக்கு எங்கே போவது? தென்னை ஈர்க்குச்சி இருபது, ஒரு முழம் நூல், உச்சிக்குக் கடலை உருண்டை. டேப் வேண்டாம். ஈர்க்கு வளைந்து கொடுக்கும், அதனால் ஒற்றையாக நிறுத்த முடியாது, இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். உருண்டை பார்க்கச் சின்னது, கோபுரத்துமேல் வைத்தால்தான் அதன் கனம் தெரியும். குழுவுக்கு நான்கு பேர், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பான். அடுத்த நாளே அதே விளையாட்டை மறுபடி வையுங்கள். முதல் நாள் கோபுரத்துக்கும் இரண்டாம் நாள் கோபுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கரும்பலகையில் அளந்து எழுதுங்கள், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டாம்.

கடலை உருண்டை மட்டும் கணக்குக்கு இரண்டு மடங்காக வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாவது நிமிஷத்துக்குள் எந்தக் குழுவிடமும் அது மிச்சம் இருக்காது.